மூன்று நாரையில் ஒரு மணி பத்து

மூன்று நாரை பப்பின் முன் ஜன்னலில் தெரிகிற தெரு, பத்து நிமிடம் கழித்து வரப்போகிற தெரு. கதவைத் திறந்து படி இறங்கினால் கால் படுவது இப்போதைய தெருவில். கசப்பு பீர் ஒரு பைன்ட் பதினாலு பென்ஸ் என்பது எப்படித் தெரியுமோ அப்படி, இங்கிலாந்தின் கார்ஸ்பி என்ற இந்தச் சிற்றூரில் இது எல்லோருக்கும் தெரியும். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது சர்க்கார் பப்புகளுக்கு மூடும் நேரம் விதித்தது. குடித்துக்கொண்டிருப்பவனை எழுப்பி அனுப்ப எந்த ஊரிலும் பத்து நிமிடமாவது பிடிக்கும். அதனால் பப் நடத்துகிறவர்கள் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார்கள். வெள்ளை மான், கலப்பை, ராணியின் தலை என்ற மற்றப் பப்புகளில் கடிகாரம் பொய் சொன்னது, அவ்வளவோடு சரி. மூன்று நாரையை அப்போது நடத்திய எஸ்ரா டிரிம்பிளுக்குப் பொய் வராது. அது பிறவிக் கோளாறு. பெண்டாட்டி சமையல் எப்படி என்று கேட்டால் பதில் சொல்லாமல் பீப்பாய் வைக்கிற நிலவறைக்குள் இறங்கிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவர் முள்ளைத் தள்ளிவிட்டு, 'மணி இதுதான்' என்று சொன்னதும் அந்தப் பப் வீட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. காலத்தில் பத்து நிமிடம் முன்னால் போய் நின்றுகொண்டது. அன்றிலிருந்து முள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வீடு.

ஊர் இதை அளவாகவே பயன்படுத்திக்கொண்டது. ஜன்னலில் மழை தெரிந்தால் தெரு காய்ந்திருக்கும்போதே கிளம்பிவிடுவார்கள். பெண்டாட்டி பையோடு வருவது தெரிந்தால் பின்வாசல் வழியே கழன்றுகொள்வார்கள். அவள் வந்து பார்க்கும்போது மேசையில் நுரை மட்டும் இருக்கும். ஆனால் இரண்டு விஷயத்தில் எல்லோரும் கண்டிப்பாக இருந்தார்கள். ஒன்று, ஜன்னலில் கண்டது நடந்தே தீரும். முப்பத்தெட்டாம் வருடம் சேணம் தைக்கிற சிரில், தன் பட்டறை எரிவதை ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடினான். இருட்டுப் பட்டறையில் தண்ணீர் வாளியைத் தேடி அவன் இடறித் தள்ளிய விளக்குதான் பட்டறையை எரித்தது. இரண்டாவது, அடுத்தவர் விஷயம் ஜன்னலில் தெரிந்தால் அவராகக் கேட்காதவரை சொல்லக்கூடாது. கேட்கிற வழக்கமும் கிடையாது. ஒருத்தன் சம்பளத்தை எப்படிக் கேட்க மாட்டோமோ அப்படி. ஜன்னலில் என்ன தெரிந்தாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பருவநிலையைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் மரியாதை.

எஸ்ராவின் பேத்தி மேவிஸ். அவள் புருஷன் பெர்சி ஹக்கபி. வாசலுக்கு மேலே பலகையில் உரிமம் பெற்றவர் என்று எழுதியிருப்பது அவன் பெயர்தான் என்றாலும், பப்பை நடத்தியது மேவிஸ். பெர்சிக்கு மனமெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், மேட்டில் இருக்கும் கால் ஏக்கர் குத்தகைத் தோட்டத்தில். பீர் ஊற்றுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் முட்டைக்கோஸோடு பேசிக்கொண்டிருப்பான். பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடத்தில் இருவரும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. பெரிதாகப் பேசிக்கொண்டதும் இல்லை. விபரீதம் அங்கேதான் தொடங்கியது.

எழுபத்து நாலாம் வருடம், மார்ச் மாதம், கோடை நேரத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிற ஞாயிறு. முந்தின ராத்திரி படுக்கப் போகும்போதே பெர்சி முள்ளைத் தள்ளிவிட்டுப் போனான், சொல்லவில்லை. விடியற்காலை அடுப்பு மூட்ட வந்த மேவிஸ், இவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவளும் ஒரு மணி தள்ளினாள், அவளும் சொல்லவில்லை. மூன்று நாரை ஊருக்கு எழுபது நிமிடம் முன்னால் போய்விட்டது. கடிகாரம் பன்னிரண்டு காட்டியதும் மேவிஸ் தாழ்ப்பாளை எடுத்தாள். ஒருவரும் வரவில்லை. புதுப் பாதிரியார் பிரசங்கத்தை இழுக்கிறார் போலிருக்கிறது என்று கண்ணாடிக் குவளைகளை இரண்டாம் தடவையாகத் துடைத்தாள். கடிகாரம் ஒரு மணி எட்டு காட்டும்போது கசாப்புக்கடை ரெஜ் ஸ்டோட்டும், ரயில்வேயில் கைகாட்டி இழுத்து ஓய்வுபெற்ற வில்ஃபும் உள்ளே வந்தார்கள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்காரியின் கடிகாரத்தைக் குறை சொல்வது அழகல்ல என்று, ஆளுக்கொரு பைன்ட் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி பத்துக்கு ஜன்னலில் பெர்சி பாலத்தின் மேல் வந்தான். கக்கத்தில் ஒரு முட்டைக்கோஸ். பாலத்தின் நடுவில் நின்றான். எதையோ மறந்துவிட்டவன் போலத் திரும்பிப் பார்த்தான். பிறகு, ஆணியிலிருந்து கோட்டு நழுவி விழுமே, அப்படி விழுந்தான். முட்டைக்கோஸ் மட்டும் உருண்டு உருண்டு சாக்கடை ஓரம் வந்து நின்றது. அவன் அசையவில்லை.

மேவிஸின் கையில் பாதி நிரம்பிய குவளை. திரும்பினாள். ரெஜ்ஜின் முகம் மாவு பூசினாற்போல் வெளுத்திருந்தது. அவன் கண் நுரையை விட்டு மேலே வரவில்லை. வில்ஃப் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு தொண்டையைச் செருமினான்.

"சாயங்காலம் குளிர் இருக்கும் போலயே, கண்ணு."

"இருக்கும், வில்ஃப்," என்றாள் மேவிஸ். குவளையை வைத்துவிட்டு, ஏப்ரனோடு ஓடினாள்.

பத்து நிமிடம் என்றுதான் அவள் கணக்கு. பிறந்ததிலிருந்து அந்த ஜன்னல் பத்து நிமிடம். பாலத்தின் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். கீழே ஆறு மண் நிறத்தில் சுழித்து ஓடியது. பெர்சி வந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும்; தரையில் விழக்கூடாது, விழாவிட்டால் ஜன்னலில் கண்டது நடந்ததாக ஆகாது. சிரிலின் விளக்கு நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளினாள். தேவாலயத்திலிருந்து கடைசி ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தொப்பியைத் தூக்கினார்கள். பப்பைத் திறந்துபோட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏப்ரனோடு பாலத்தில் நிற்கிறாளே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம். எட்டு. பத்து. பெர்சி வரவில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆனது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், சிரித்தாள். அறுபது வருடத்தில் முதல் தடவையாக ஜன்னல் தப்பாகக் காட்டிவிட்டது.

அப்போது தேவாலயக் கடிகாரம் அடித்தது. பன்னிரண்டேகால்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது ரெஜ். அவன் கணக்கில் தப்பு இருக்காது. அப்படியென்றால் வீட்டுக் கடிகாரம்... மேவிஸுக்கு விடியற்காலை நினைவு வந்தது. பெர்சி எழுந்ததும் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும் நினைவு வந்தது. ஜன்னல் தப்பாகக் காட்டவில்லை. இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. பத்து நிமிடத்தை அவள் ஓடித் தாங்கினாள். ஐம்பத்தைந்து நிமிடத்தை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. மேடு ஏறினாள். விலாவில் குத்தியது. ஒரு செருப்பு சேற்றில் போனது. அதை எடுக்கவில்லை.

பெர்சி மண்வெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். ஒற்றைச் செருப்போடு வருகிறவளைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது. ஜன்னலோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவன்.

"நானா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"எங்க?"

"பாலத்துல. ஒண்ணு பத்துக்கு. நேத்து ராத்திரி நீ கடியாரத்தத் தொட்டியா?"

"தொட்டேன்."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"நீ தூங்கிட்ட. அப்புறம் காலையில பாத்தா ரெண்டு மணி தள்ளியிருந்துச்சு. திருத்துனா நீ கோச்சுக்குவியோன்னு விட்டுட்டேன்."

இங்கேயே இருந்துவிடேன், பாலத்துப் பக்கமே வராதே என்றாள். அவன் யோசித்தான். சிரிலும் அப்படித்தானே ஓடினான் என்றான். நெஞ்சு ஒரு வாரமாகவே சரியில்லை என்பதையும் அப்போதுதான், மண்ணைப் பார்த்துக்கொண்டு, சொன்னான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. பைத்தியம் பிடித்தவள் போல வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒன்று பத்து. ஒன்று பத்தைத் தாண்ட வேண்டும். தாண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சட்டென்று நின்றாள்.

"வீட்டுக்குள்ள இப்ப மணி ஒண்ணே முக்கால் ஆச்சு, பெர்சி. அங்க ஒண்ணு பத்து முடிஞ்சு போச்சு. முடிஞ்சது முடிஞ்சதுதான? நீ நேரத்தோட உள்ள வந்துட்டா, அது உன்னத் தேடி வரும்போது நீ தாண்டியிருப்ப."

"பாலத்த ஏறித்தான போகணும்?"

"இப்ப ஏறுனா அது பன்னெண்டே முக்கால் பாலம். வா."

முட்டைக்கோஸை அறுக்க வேண்டாம் என்றாள். கத்தியை வரப்பிலேயே போட்டுவிட்டு வந்தான். பாலத்தின் நடுவில், அந்த இடத்தில், பெர்சி ஒரு விநாடி நின்று தரையைப் பார்த்தான். வாடகை வீடு பார்க்கப் போகிறவன் பார்ப்பதைப் போல. அவள் நகம் அவன் முழங்கையில் இரத்தம் கட்டுகிற அளவுக்குப் பதிந்திருந்தது. மூன்று நாரையில் அப்போதுதான் மணி இரண்டு. சட்டப்படி மூடும் நேரம். வீட்டுக்காரி இல்லாததால் ரெஜ்ஜே குரல் கொடுத்து, குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வில்ஃபோடு வெளியே வந்துகொண்டிருந்தான். வெளியே பன்னிரண்டு ஐம்பது. படியில் நாலு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். ரெஜ் பெர்சியைப் பார்த்தான், மேவிஸின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தான். வழிவிட்டு ஒதுங்கினான். "வெயில் பரவால்ல," என்றான். பெர்சியும் பரவாயில்லை என்றான். கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

சரியாக ஒன்று பத்துக்கு, கக்கத்தில் முட்டைக்கோஸோடு பெர்சி பாலத்தின் மேல் வந்து விழுந்தான். ரெஜ்ஜும் வில்ஃபும் அங்கேயே காத்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பக்கம் யார், கால்பக்கம் யார் என்பதைக்கூட முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். மறுநாள் தோட்டத்தில் போய்ப் பார்த்தபோது ஒரு முட்டைக்கோஸ் புதிதாக அறுபட்டு, தண்டில் பால் காயாமல் இருந்தது.

சேதி சொல்ல வந்தவர் கான்ஸ்டபிள் பின்னாக். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், கவுண்டருக்குப் பின்னால் பீர் பம்பின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெர்சியைப் பார்த்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"மேவிஸம்மா, உங்க வீட்டுக்காரர் பத்தி வருத்தமான சேதி. உக்காந்துக்குங்க." பிறகு பெர்சி பக்கம் திரும்பி, "நீங்களும் உக்காருங்க, பெர்சி," என்றார்.

டாக்டர் வீட்டுப் பின்னறையில் மேவிஸ் அடையாளம் காட்டினாள். அவன்தான். நகக்கண்ணில் தோட்டத்து மண். முழங்கையில் மட்டும் நகத் தழும்பு இல்லை. வீட்டுக்கு வந்து மற்றவன் சட்டையைச் சுருட்டிப் பார்த்தாள். நாலு தழும்பும் நீலமாக இருந்தன. அன்று அவள் அழுதது இருவரில் யாருக்காக என்று அவளுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை அடக்கம். ஜன்னல்தான் முந்திக்கொள்ளுமே, சவ ஊர்தி போவதை பெர்சி எழுபது நிமிடம் முன்பே பார்த்துவிட்டு, ஊர் வழக்கப்படி திரைச்சீலையை இழுத்து மூடினான். உன் தொப்பி கோணலாக இருந்தது என்று அவளிடம் சொன்னான். கண்ணாடி முன்னால் நின்று நேராக வைத்துக்கொண்டுதான் போனாள்; தேவாலய வாசலில் காற்று அடித்துக் கோணலாயிற்று. அடக்கம் முடிந்து எல்லோரும் மூன்று நாரைக்கு வந்தார்கள். பன்றித்தொடை சாண்ட்விச்சும் பீரும் எடுத்துக் கொடுத்தது பெர்சி. ஊரே அவன் கையைப் பிடித்து அவனுக்காக அவனிடமே வருத்தம் தெரிவித்தது. உரிமத்தைப் பற்றி நீதிபதிகளிடம் பேச்சு வந்தபோது, உரிமம் பெற்றவர் பப்பை விட்டு வெளியேறியதாகச் சாட்சியம் ஏதும் இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

மேவிஸுக்குத் தூக்கம் போனது அதற்குப் பிறகுதான். கடிகாரத்தை யாரும் தொடக்கூடாது. சாவி கொடுப்பது அவள் மட்டும். ஞாயிறு காலை எட்டுச் சுற்று, ஒன்று கூட வேண்டாம், குறைய வேண்டாம். ஓட்டடை அடிக்க வந்த பெண் ஸ்டூலை அந்தச் சுவரோரம் போட்டதற்கு மேவிஸ் போட்ட கூச்சலில் அவள் வேலையை விட்டே போய்விட்டாள். முள் நின்றால் என்ன ஆகும், பின்னால் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கதவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரிந்தது. மே மாதம் ஒரு நாள் பெர்சி வாசற்படிக்கு வெளியே இடது காலை நீட்டிப் பார்த்தான். இழுத்துக்கொண்டபோது கணுக்கால் வரை சாம்பல் நிறமாகிச் சில்லிட்டிருந்தது. மூன்று நாள் மேவிஸ் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். உயிர் வந்தது, சுண்டுவிரலுக்கு மட்டும் வரவில்லை.

கோடை முழுக்க அவன் ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தான். அக்கரை மேடு ஜன்னலில் கைக்குட்டை அளவுக்குத் தெரியும். தோட்டத்தை வேறொருவன் எடுத்து அதில் பூச்செடி வைத்தான். பெர்சி எதுவும் சொல்லவில்லை. சொல்லாத மனிதன் சாப்பாட்டையும் குறைத்தான். மேவிஸ் கறிப் பணியாரம் சுட்டாள், கல்லீரல் வறுத்தாள், தட்டு வந்தபடியே திரும்பிப் போனது. தொட்டியில் மண் நிரப்பிக் கொண்டுவந்து கவுண்டர் ஓரம் வைத்தாள். உள்ளே முளைத்த கீரை எல்லாமே ஒரு நாள் முன்னதாகவே வாடியது. ஆகஸ்டில் அவன் பெல்ட்டில் புது ஓட்டை இரண்டு விழுந்தது. காப்பாற்றினேன் என்று நினைத்தவள், புருஷனை இத்தனை மாதமாகச் சாகவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்துகொண்டாள். பாலத்தில் விழுந்தவனுக்கு ஒரு நொடி. இவனுக்கு ஐந்து மாதம்.

அக்டோபர் வந்தது. நாடு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகிற ஞாயிறுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பகல் சாப்பாட்டுக் கூட்டத்தின் நடுவே, பெர்சி குவளையைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"ஞாயித்துக்கெழம நீயும் முள்ளப் பின்னால தள்ளிரு, மேவிஸ்."

"முடியாது."

"ஒரு மணி. எல்லாரும் தள்றாங்கல்ல? நாமளும் தள்ளுவோம். அப்புறம் வர்றது வரட்டும். நான் அந்த மேட்டு வரைக்கும் ஒருவாட்டி நடந்துட்டுப் போறேன். பாலத்துல விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

"உனக்கு அறிவிருக்கா?"

"இருந்துச்சு. உள்ளயே ஒக்காந்து ஒக்காந்து அதுவும் போயிரும் போலருக்கு."

அவன் நிலவறைக்குள் இறங்கிப் போனான். படியில் நடக்கிற சத்தம் ஒரு கிழவனுடையது. மேவிஸ் பம்பு கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பப்பில் பதினாறு பேர் இருந்தார்கள். பதினாறு பேரும் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்ஃப் தொண்டையைச் செருமினான். மழை பற்றி ஏதோ வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அவள் அந்த ஊரில் யாரும் செய்யாததைச் செய்தாள். கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க பாத்தீங்கல்ல?"

வில்ஃப் சொல்ல வந்த மழையை விழுங்கினான்.

"ரெஜ், உன்னத்தான். பாத்தியா இல்லயா?"

கசாப்புக்கடை ரெஜ் நல்ல உயரம், ஐம்பது வயது, தேவாலயத்தில் பொறுப்பில் இருப்பவன். காது இரண்டும் சிவந்துபோயின. "பாத்தோம்," என்றான்.

"பாத்துட்டு வாய மூடிட்டு இருந்தீங்க."

"இருந்தோம்."

"நான் உங்கள ஏசல. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." அவள் பம்பு கைப்பிடியை விட்டாள். "எனக்கு இப்ப என்ன பண்றதுன்னு தெரியல. முள்ளத் தள்ளுனாலும் போயிருவான், தள்ளலன்னாலும் போயிருவான். யாராச்சும் எதாச்சும் பண்ணுங்க. நான் கேக்குறேன். வெக்கத்த விட்டுக் கேக்குறேன்."

ரெஜ் மிச்ச பீரைக் குடித்து முடித்தான். குவளையைக் கவுண்டரில் வைத்தான். கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்து, தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தான். வாரக் கடைசியில் வெயில் அடிக்கும் என்று ரேடியோவில் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். மேவிஸ் பதினாறு குவளைகளைக் கழுவினாள். கேட்டது போதாதா, இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பெர்சி தன் நல்ல கோட்டை பிரஷ் போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டினான். பூட்ஸுக்கு எண்ணெய் பூசினான். அவள் எதையும் தடுக்கவில்லை. ஞாயிறு காலை சாவியோடு கடிகாரத்தின் முன்னால் நின்றாள். பெர்சி கோட்டு போட்டுக்கொண்டு பின்னால் நின்றான். முள் ஒன்பதில். நாட்டின் கணக்கில் ஏழு மணிகூட ஆகவில்லை. பின்னால் தள்ளுவதற்கு நேரம் நிறைய இருந்தது. அவள் கை முள்ளுக்குப் போனது. முள்ளைத் தொட்டது.

தேவாலயக் கடிகாரம் அடித்தது. ஒன்பது.

மேவிஸ் எண்ணியது தப்பு என்று நினைத்தாள். கையை எடுக்காமல் காதைத் தீட்டினாள். அடுத்து வெள்ளை மானின் கூடத்துக் கடிகாரம், தெருவுக்கே கேட்கிற பழைய கடிகாரம், ஒன்பது அடித்தது. பிறகு பள்ளிக்கூட மணி. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மணி அடித்து யாரும் கேட்டதில்லை. அதுவும் ஒன்பது. சனிக்கிழமை ராத்திரி மூன்று நாரையில் விளக்கு அணைந்த பிறகு ரெஜ் கோபுரத்தில் ஏறி முள்ளை எழுபது நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு இறங்கியிருக்கிறான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபுரத்தைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கடிகாரத்தைத் தள்ளினார்கள். கலப்பை தள்ளியது, ராணியின் தலை தள்ளியது, பேக்கரிக்காரன் ரொட்டி வைக்கிற நேரத்தைத் தள்ளினான். கான்ஸ்டபிள் பின்னாக் மட்டும் சட்டத்தை நினைத்துப் பாதித் தெருவில் நின்றாராம். பிறகு கைக்கடிகாரத்தின் திருகை இழுத்தார். இதை ஒரு வேடிக்கையாகவோ பொய்யாகவோ ஊரில் ஒருவராவது நினைத்திருந்தால் பலித்திருக்காது. நினைக்கவில்லை. மணி கேட்டால் அதுதான் மணி என்று எஸ்ரா டிரிம்பிள் மாதிரியே சொன்னார்கள்.

மேவிஸ் ஜன்னலைப் பார்த்தாள். விளக்குக் கம்பத்தடியில் வில்ஃப், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். விளக்குக் கம்பத்தடியில் வில்ஃப், அதே தொப்பியோடு, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். ஜன்னலைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். மறுபடி ஜன்னல், மறுபடி வாசல். அறுபது வருடத்தில் முதல் தடவையாக இரண்டிலும் ஒரே வில்ஃப். ஊரே வீட்டின் மணிக்கு வந்து சேர்ந்திருந்தது.

"நில்லு பெர்சி, நான் மொதல்ல..." என்று அவள் முடிக்குமுன் அவன் படியில் கால் வைத்துவிட்டான். இடது கால். பிறகு வலது கால். அவள் அவன் கோட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. கோட்டு கனக்கவில்லை, நழுவவில்லை. முன்னால் இழுத்தது. திறந்து பார்த்தபோது பெர்சி தெருவின் நடுவில், முகத்தில் வெயில் படாமல் போன ஏழு மாதத்தின் வெளுப்போடு, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"நல்ல நாளு," என்றான் வில்ஃப்.

"ஆமா," என்றான் பெர்சி.

மூன்று நாரையின் ஜன்னல் அன்றிலிருந்து வெறும் ஜன்னல். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். பெண்டாட்டி வந்தால் மாட்ட வேண்டியதுதான். அதைப் பற்றிக் குறைப்பட்டவர்கள் இல்லை. ஊர் மட்டும் நாட்டுக்குக் கோடையில் எழுபது நிமிடமும், குளிர்காலத்தில் இரண்டு மணி பத்து நிமிடமும் முன்னால் இருக்கிறது. எல்லைக் கல்லைத் தாண்டும்போது காது லேசாக அடைக்கும், விழுங்கினால் சரியாகிவிடும். பெர்சி அந்தக் கல்லைத் தாண்டுவதில்லை. அவனுக்கு அதற்கு அப்பால் வேலையும் இல்லை. தேவாலயத்துக்குப் பின்னால் அவன் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவனே போய்ப் புல் வெட்டிவிட்டு வருகிறான். மேவிஸ் சில நாள் கூடப் போவாள், சில நாள் போக மாட்டாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கவனத்துக்கு: கார்ஸ்பியில் பப்புகள் பகல் பதினொன்றுக்குத் திறக்கும். உங்கள் கைக்கடிகாரத்தில் அப்போது என்ன மணி என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் சொல்லாமல் இருப்பது மரியாதை.